உச்சந்தலையில் ஒரு கை

ஏரல் கடைத்தெருவில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கடையைத் திறந்த நாள் முதல், குடம் வாங்க வருகிறவர்கள் குடத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "அண்ணாச்சி, நெஞ்சுக்குள்ள குழாய விட்டுப் பாத்தாவளாமே, ரொம்ப வலிச்சுதோ?" என்று கேட்கிறார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் ஏமாந்து போகிறார்கள். எல்லோருக்கும் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இதே சோதனைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இருந்தது காசநோய். மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன், போய்விட்டது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. எனக்குக் குழாய் விட்ட அறையில் ஒரு நர்ஸ் நின்றார். அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் அவருக்காகப் பயந்து கிடந்த நாட்களைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இருமல் வந்தது கொரோனாவின் நடுவில். அந்தக் காலத்தில் ஒருவன் கடைத்தெருவில் இருமுவதைவிடத் திருடிவிட்டு மாட்டிக்கொள்வது மேல். நான் ஒரு தடவை செருமினால் எதிர்க்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிடுவார். கொரோனா சோதனை எடுத்தேன், இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை எடுத்தேன், அப்போதும் இல்லை. ஆனால் இருமல் நிற்கவில்லை, உடம்பு மெலிந்தது, ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது துப்பியதில் ரத்தம் இருந்தது. என் மனைவி பேச்சி அதைப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவிவிட்டு, அவள் தம்பிக்குப் போன் போட்டு வேனைக் கொண்டுவரச் சொன்னாள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். வலது நுரையீரலில் ஒரு வெள்ளை மூட்டம். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி முதுகில் விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். நான் கடையில் வெண்கலப் பானையைத் தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான்.

"கீறல் எங்கயும் இருக்கா டாக்டர்?" என்றேன்.

"சத்தம் ஒரு இடத்துல மட்டும் மந்தமா இருக்கு அண்ணாச்சி. உள்ள போய்ப் பாக்கணும்."

உள்ளே போய்ப் பார்ப்பது என்றால் பிராங்கோஸ்கோப்பி. முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்குவார்கள். மூட்டம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டு, கழுவினாற்போல் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். எனக்குச் சளி வெளியே வராததால் இது ஒன்றுதான் வழி. காசநோயா புற்றுநோயா என்று அதில் தெரிந்துவிடும்.

"இதுல எனக்கு ஆபத்து உண்டா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குக் கம்மி. ஆபத்து எங்களுக்குத்தான்" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டு சொன்னாலும் விளையாட்டாகச் சொல்லவில்லை. மூச்சுக்குழலில் எதுவும் பட்டால் யாருக்கும் இருமல் வரும். அந்த இருமலில் கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறந்து அறைக்குள் வெகுநேரம் மிதக்கும். சோதனையில் இல்லை என்று வந்தாலும் சிலருக்குக் கொரோனா ஒளிந்திருக்கும், அப்படி இருந்தால் அறையில் நிற்கிறவர்கள் மொத்தப் பேரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். அதனால் பல ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். "நாங்க கவசம் போட்டுக்கிட்டுச் செய்யுதோம். ஒங்களால முடிஞ்சமட்டும் இருமாம இருங்க. முடியலன்னா கையத் தூக்குங்க, நிறுத்திக்கிடுதோம்" என்றார்.

"இவிய பேச்சயே அடக்க மாட்டாவ டாக்டர், இருமல எங்கன அடக்குவாவ?" என்றாள் பேச்சி.

சோதனை அன்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போனார். பட்டப்பகல்தான். ஆனால் நாங்கள் போகப் போக எங்களுக்கு முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நீள வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு நர்ஸ் எதிரே வந்தவர் எங்களைக் கண்டதும் சுவரோடு திரும்பி நின்றுகொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் சுடலைமாட சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது தெருவில் ஒருவரும் எதிரே வரக் கூடாது. வீடுகளில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம். சின்ன வயதில் கதவுக்கு உள்ளே நின்று அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கதவுக்கு வெளியே போகிற பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் பயந்தது என்னைப் பார்த்து.

அந்த அறை காற்றை வெளியே விடாத அறை. உள்ளே இருக்கும் காற்றை ஒரு மூலையில் இருந்து மெஷின் உறிஞ்சி, வடிகட்டி, கட்டடத்துக்கு மேலே அனுப்பும். காற்று சரியான பக்கம் போகிறதா என்று பார்க்க மெஷின் வாயில் இருந்த கம்பிச் சட்டத்தில் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். அது சுவருக்குள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல விறைத்துக்கொண்டு நின்றது. மற்ற இடத்தில் ஒரு அசைவும் இல்லை. நாங்கள் நுழைந்ததும் கதவு யாரும் தொடாமலே தானாக இழுத்துச் சாத்திக்கொண்டது.

மூன்று பேர் நின்றார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண்ணாடி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் முகத்தகடு. கண்கூடத் தெரியவில்லை, கண்ணாடிக்குள் வேர்வை ஆவி மூடியிருந்தது. யார் யாரென்று தெரியாது என்பதால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதியிருந்தார்கள். ஒருவர் டாக்டர். ஒருவர் குழாய்க்கு உதவி செய்யும் டெக்னீஷியன் முருகன். மூன்றாவது எஸ்தர்.

"பயப்படாதீய அண்ணாச்சி, நான் ஒங்க தலமாட்டுலதான் நிப்பேன்" என்று எஸ்தர் சொன்னார். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினதுபோலக் கேட்டது. "எனக்கு ஊரு திசையன்விளை. ஒங்க கடையிலதான் எங்கம்மா எனக்குச் சீர்ப்பாத்திரம் எடுத்தா."

"எந்த வருசம்?" என்றேன். வியாபாரப் புத்தி போகுமா?

"அதெல்லாம் பொறவு பேசுவோம், படுங்க."

படுத்ததும் என் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தார்கள். டாக்டர் கை நுழைக்க அதில் ஓட்டைகள் உண்டு. பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு ஓரங்களை அழுத்தினார்கள். என் இருமல் அந்தப் பெட்டியோடு நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் மூச்சே எனக்குத் திரும்பி வந்தது. கையில் ஊசி போட்டார்கள், உடம்பு லேசானது. பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்த மாதிரிதான் நினைவிருக்கிறது.

குழாய் மூக்கைத் தாண்டித் தொண்டைக்கு வந்தது. மரத்துப்போக மருந்து ஊற்றினார்கள். அது மூச்சுக்குழலில் விழுந்ததும் எனக்குப் புரை ஏறிவிட்டது. கையைத் தூக்கினேனா இல்லையா என்று தெரியாது. மூச்சு நின்று, கண் பிதுங்கி, கால் இரண்டும் கட்டிலில் அடித்துக்கொண்டன.

அப்போது என் உச்சந்தலையில் ஒரு கை தட்டியது. ரப்பர் உறை போட்ட கை, மெதுவாக, இரண்டு தட்டு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. யாரோ நெனக்காவ அண்ணாச்சி."

சோற்றில் புரை ஏறினால் நம் வீட்டில் யார் பக்கத்தில் இருந்தாலும் செய்வதுதான் அது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். எஸ்தரின் கையும் தானாகத்தான் போயிருக்க வேண்டும். தலைமாட்டில் தாளைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்துவிட்டார். நான் இருமியதெல்லாம் அவர் முகத்துக்கு நேராக. பெட்டியின் விளிம்பில் அவர் முகத்தகடு இடித்து மேலே ஏறிக்கொண்டது, வேர்வையில் நனைந்த முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவியது. இதையெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். டாக்டர் "எஸ்தர்!" என்றார்.

குழாயை உருவிவிட்டார்கள், சோதனை முடியவில்லை. சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுபடி கொரோனா சோதனை எடுத்தார்கள், இந்தத் தடவை இருக்கிறது என்று வந்தது.

என்னைக் கொரோனாக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பெரிய கூடத்தைப் பலகையால் தடுத்துத் தடுத்துச் சின்ன அறைகளாக்கியிருந்தார்கள். எனக்கு அதில் ஓர் அறை. வெள்ளை உடை போட்ட ஒருவர் வருவார், மாத்திரை வைப்பார், விரலில் கிளிப் மாட்டிப் பார்ப்பார், போய்விடுவார். பேச்சி அவள் தம்பி வேனில் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சோறு கொடுத்துவிடுவாள். என் கடைத் தூக்குவாளி திரும்பி வராது என்று தெரிந்து, இருப்பதிலேயே நசுங்கின வாளியாகப் பார்த்துக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று அவிச்ச பனங்கிழங்கை நார் எடுத்து, கிள்ளிக் கிள்ளி, ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் அங்கே முதல் தடவையாக அழுதேன்.

சில நாளில் இருமல் அதிகமாகிவிட்டது. நான் இருமி முடித்ததும், கொஞ்சம் பொறுத்து, பக்கத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஓர் இருமல் வரும். முதலில் என் சத்தம்தான் எங்கேயோ பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தேன். ஒரு மதியம் வேண்டுமென்றே இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தேன். கூடம் முழுக்க அமைதி. அப்போது அந்த இருமல் தனியாக வந்தது. இரண்டு குட்டை, பிறகு இழுத்துக்கொண்டு நீளமாக ஒன்று. என் இருமல் அப்படி இல்லை.

அன்றிலிருந்துதான் இன்னொன்று ஆரம்பித்தது. இருமி இருமிப் புரை ஏறும்போதெல்லாம் என் உச்சந்தலையில் தட்டு விழுந்தது. ரப்பர் உறை போட்ட கை, மெதுவாக, இரண்டு தட்டு. திரும்பிப் பார்ப்பேன். கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டி இருந்தது, ஒரு பிள்ளைகூட நுழைய இடம் கிடையாது. கையை வைத்துப் பார்ப்பேன், அந்த இடத்தில் முடி ஜில்லென்று ஈரமாக இருக்கும். வேர்வையாக இருக்கலாம். காய்ச்சலில் இப்படியெல்லாம் தோன்றும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் படித்தவர், சொல்வார். எனக்கு ரப்பர் வாசனைகூட வந்தது.

கூட்டிப் பெருக்க வருகிறவரின் நெஞ்சில் செல்லத்தாய் என்று எழுதியிருக்கும். அவரிடம் பக்கத்தில் யார் என்று கேட்டேன்.

"நம்ம ஆசுபத்திரிப் பிள்ளதான் அண்ணாச்சி. எஸ்தர் சிஸ்டரு. யாருக்கோ குழாய் விடப் போன எடத்துல ஒட்டிக்கிட்டாம். பச்சப் பிள்ளக்காரி, பாவம், பிள்ள ஆச்சிகிட்ட கெடக்கு."

அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குப் புற்றுநோயாக இருந்தாலும் இருக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு. ஆனால் அவர் போய்விட்டால் மிச்ச நாள் முழுக்க நான் எப்படிச் சோறு தின்பேன்? ஒவ்வொரு பருக்கையிலும் புரை ஏறுமே என்றுதான் பயந்தேன்.

இருமல் கேட்டால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம் என்பதால் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. வந்துவிட்டால் அப்பாடா என்று இருக்கும். தடுப்பில் விரலால் தட்டிப் பார்த்தேன். ஒரு தடவை அந்தப் பக்கமிருந்தும் தட்டினார்கள். அல்லது கட்டில் பலகையில் இடித்திருக்கலாம்.

பிறகு ஒரு காலை அந்த இருமல் வரவில்லை. மதியமும் வரவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் அடித்துத் தரையைக் கழுவுகிற சத்தம் கேட்டது, மருந்து நெடி தடுப்புக்கு அடியில் வந்தது. செல்லத்தாய்க்கு வேலை மாறிவிட்டது போல, அதே வெள்ளை உடையில் வேறொருவர் வந்தார். நெஞ்சில் பெயர் எழுதவில்லை.

"பக்கத்து ரூம்ல இருந்த பிள்ள எங்க?"

"அங்கன யாரும் இல்லயே அண்ணாச்சி."

"எஸ்தர்னு ஒரு நர்சு."

"நான் இன்னைக்குத்தான் இங்கன வாரேன், எனக்குத் தெரியாது" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் இருமினேன், புரை ஏறியது, மூச்சு முட்டியது. உச்சந்தலையில் ஒன்றும் படவில்லை. அதற்கப்புறம் அந்தக் கை வரவே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

கொரோனா போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எஸ்தரைப் பற்றி டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் இடத்தில் கேட்டேன். அது வேறு பகுதி, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். போன் போட்டுக் கேட்கலாம்தான். டாக்டர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அமுக்காமல் இருந்தேன். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது?

நெஞ்சில் மூட்டம் அப்படியேதான் இருந்தது, ரத்தமும் நிற்கவில்லை. மறுபடி சோதனைக்கு வரச் சொல்லி டாக்டரே கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன்.

"ஏன், என்ன கொள்ள வந்துச்சு?" என்றாள் பேச்சி.

"போன தடவ ஒரு பிள்ளயக் காவு குடுத்துட்டு வந்திருக்கேன். இந்தத் தடவ யார?"

"அவ செத்துட்டான்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா? நீங்களா ஒரு பொணத்தச் செஞ்சு வீட்டுக்குள்ள வச்சிருக்கீய. நானும் தெனமும் அதுகூடத்தான் சோறு பொங்குதேன். போய்க் கேட்டுட்டு வாங்க. இருந்தா கும்பிட்டுட்டு வாங்க, இல்லன்னா அவ வீட்டுக்குப் போவோம், அந்தப் பிள்ளயப் பாப்போம்."

வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதே வராந்தா, சாத்திக்கொள்ளும் அதே கதவுகள், சுவருக்குள் இழுபடும் அதே காகிதம். மூன்று வெள்ளை உருவங்கள். டாக்டர், முருகன். மூன்றாவது உருவத்தின் நெஞ்சில் எஸ்தர் என்று எழுதியிருந்தது.

உடைக்குள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம், மார்க்கரால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நோயாளி பயந்துவிடக் கூடாது என்பதற்காக டாக்டர்கள் எதையும் செய்வார்கள்.

"எஸ்தரா?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றது அந்த உருவம். குரல் கரகரத்தது. முன்பு கேட்ட குரல் இல்லை. "நல்லாத்தான் இருக்கேன். படுங்க."

"எங்க கடையில என்ன எடுத்தா ஒங்கம்மா?"

"பேசாம படுங்க" என்றார் டாக்டர்.

பெட்டி வந்தது, தாள் வந்தது, ஊசி வந்தது. இந்தத் தடவை தாளின் ஓரங்களைத் தலைமாட்டில் பட்டை ஒட்டி இறுக்கியிருந்தார்கள். மருந்து உள்ளே விழுந்தது, எனக்குப் புரை ஏறியது. பிதுங்கிய கண்ணால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்றாவது உருவம் சுவரோரம் போய் நின்று, இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கை வந்துவிடக் கூடாதே, வந்துவிடக் கூடாதே என்று மனசுக்குள் கத்தினேன். வரவில்லை. இருமல் தானாக அடங்கியது. டாக்டர் வேண்டியதை உறிஞ்சி எடுத்துக்கொண்டார்.

முடிந்ததும் என்னை அங்கேயே படுக்க வைத்துவிட்டு மூவரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நடுவில் கண்ணாடிச் சுவர். உடை கழற்றும்போதுதான் நோய் அதிகம் ஒட்டுமாம். அதனால் வெளியே ஓர் ஆள் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். மெலிதாகக் கேட்டது. கையுறை. அங்கி, பைய, பைய, உள்பக்கமா சுருட்டுங்க. கை கழுவுங்க. இப்போ கண்ணாடி. கடைசியில் முகக்கவசம்.

நான் நினைத்து வைத்திருந்த முகம் அகலமானது, சிவந்தது. அந்த மூன்றாவது உருவத்தின் கவசத்துக்குள் இருந்து வந்தது சின்ன, கறுத்த முகம். மூக்கிலும் கன்னத்திலும் பட்டை அழுத்தின தழும்பு, நெற்றி ஓரத்தில் முடி கொட்டியிருந்தது. இது எஸ்தர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் அடுத்த கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய், அங்கிருந்த பாட்டிலை எடுத்து அவசரமாகத் தண்ணீர் குடித்தார். எத்தனை மணி நேரத் தாகமோ, புரை ஏறிவிட்டது. இருமினார். இரண்டு கண்ணாடி தாண்டி எனக்குக் கேட்டது. குட்டையாக இரண்டு, இழுத்துக்கொண்டு நீளமாக ஒன்று.

டாக்டரும் முருகனும் சட்டென்று பின்வாங்கினார்கள். முருகன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள்மேல் குற்றம் இல்லை, அப்படித்தான் பழகியிருந்தார்கள். பக்கத்தில் போக ஒருவரும் இல்லை. எஸ்தர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் தானே தட்டிக்கொண்டார்.

"நான்தான் தாயி நெனச்சேன்" என்றேன். தொண்டை மரத்திருந்ததால் சத்தம் வரவில்லை.